பேலா குட்மனின் சாபமும் கூலியின் அறமும்

ஒருவருக்கு நேர்ந்த இழப்பைக் கண்டு, அவர் முன்பு இழைத்த தீங்கின் விளைவே அது என்று பின்னோக்கி முடிவு செய்வது முறையாகுமா என்பது சமயச் சிந்தனையின் பழைய வினாக்களுள் ஒன்று. சாபம் என்னும் நம்பிக்கை இவ்வினாவுக்கு ஆம் என்றே விடையளிக்கிறது. அந்நம்பிக்கையில் இரண்டு கூற்றுகள் பிணைந்து கிடக்கின்றன: வாயிலிருந்து புறப்பட்ட சொல், சொன்னவர் அகன்ற பின்னும் உலகில் செயலாற்றும் என்பது ஒன்று, அச்சொல் குற்றமற்றவர்மேல் பாயாது, தீங்கிழைத்தவரையே தேடிச் சென்று சேரும் என்பது மற்றொன்று. முதற்கூற்று மட்டும் இருந்தால் அது ஏவலோ சூனியமோ ஆகும். இரண்டாவதும் சேரும்போதுதான் அது சாபமாகிறது. எனவே சாபத்தை நம்புவோர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு விசையை மட்டும் நம்புவதில்லை. உலகில் நீதி நிலவுகிறது என்பதையும் சேர்த்தே நம்புகின்றனர். சபிக்கப்பட்டவர்க்குக்கூட இந்நம்பிக்கை ஒருவகை ஆறுதலைத் தருவது இதனால்தான். காரணமின்றி அடிபடுவதைவிடக் குற்றத்துக்காக அடிபடுவது மனித மனத்துக்கு எளிதாக இருக்கிறது.

இக்கூற்றுகளை ஆராய்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் கால்பந்து வரலாறு ஓர் அரிய எடுத்துக்காட்டைத் தருகிறது. ஹங்கேரியில் பிறந்து, ஆட்டக்காரராகத் தொடங்கி, பின்னர் பல நாடுகளில் பயிற்சியாளராகப் பணிபுரிந்த பேலா குட்மன், 1962இல் போர்ச்சுகலின் பென்ஃபிகா கழகத்தை விட்டு நீங்கியபோது, இன்னும் நூறு ஆண்டுகளுக்கு அக்கழகம் ஐரோப்பிய வாகையராக ஆகாது என்று சபித்தார் எனச் சொல்லப்படுகிறது. அதற்குப் பின் பென்ஃபிகா எட்டு முறை ஐரோப்பியப் போட்டிகளின் இறுதிச் சுற்றை எட்டி, எட்டு முறையும் தோற்றது. இக்கதை காரண விளக்கமாக நிற்காது என்பதைக் காட்டுவது எளிது. ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் அதன் உட்பொருள் தவறிப்போகும். இக்கதை தீர்க்கப்படாத ஒரு கடனின் நினைவைச் சுமந்து நிற்கிறது. அதே வேளையில், அக்கடனைச் சாபம் என்று அழைப்பதே அதைத் தீர்க்காமல் தப்பும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

ஊர்விட்டு ஊர் சென்ற தொழில்

குட்மன் 1899 ஜனவரி 27 அன்று புதாபெஷ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். அவரும் இளமையிலேயே நடனம் கற்பிக்கும் தகுதி பெற்றார். அந்நகரின் எம்.டி.கே. கழகத்துக்கு ஆடிய அவர், முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியில் யூத வெறுப்பு ஓங்கிய சூழலில், 1922இல் வியன்னாவின் ஹகோவா கழகத்துக்குப் பெயர்ந்தார். யூதர்கள் தங்கள் உடல்வலிமையை மீட்டெடுக்க வேண்டும் என்று மாக்ஸ் நோர்தாவ் முன்வைத்த கருத்தின் தாக்கத்தில் 1909இல் தோன்றிய ஹகோவா, யூதர்களை மட்டுமே உறுப்பினராகக் கொண்டது. 1925இல் ஆஸ்திரியாவின் லீக் பட்டத்தை வென்ற அதன் அணியில் குட்மனும் இருந்தார். 1926இல் அக்கழகம் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் சென்றது. அதனையொட்டி அவர் நியூயார்க்கில் தங்கி ஆடினார். 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் சேமித்த பணத்தை இழந்தார். கையில் இருப்பது எந்நேரமும் போகலாம் என்பதும், பேசிய தொகையைப் பேசிய நாளிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதும் அவருடைய பிற்கால நடத்தையில் அழுத்தமாகத் தெரியும் இரண்டு பாடங்கள்.

1933இல் ஹகோவாவில் பயிற்சியாளராகத் தொடங்கிய அவர், நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகருக்கும், மீண்டும் வியன்னாவுக்கும், 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கிய பின் ஹங்கேரிக்கும் சென்று, 1939இல் உய்பெஷ்ட் கழகத்துக்கு நாட்டின் லீக் பட்டத்தையும், நடு ஐரோப்பியக் கழகங்களுக்கான மித்ரோப்பா கோப்பையையும் பெற்றுத் தந்தார். போர் முடிந்த பின் அவர் பணியாற்றிய இடங்களின் பட்டியல் நீளமானது: புக்கரெஸ்ட், பதோவா, திரியேஸ்தே, அர்ஜென்டினாவின் கில்மெஸ், சைப்ரஸின் நிக்கோசியா, மிலான், விசென்சா, பிரேசிலின் சாவோ பாவ்லோ, போர்ச்சுகலின் போர்ட்டோ. ருமேனியாவில் உணவுப் பற்றாக்குறை நிலவிய நாட்களில் ஊதியத்தைக் காய்கறியாகவும் மாவாகவும் பெற்றுக்கொண்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்திகளுள் ஒன்று. 1955இல் மிலான் அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதன்பின், அணி முதலிடத்தில் இருக்கும்வரை தம்மை நீக்கக் கூடாது என்னும் நிபந்தனையை ஒப்பந்தங்களில் சேர்க்கச் சொன்னார் என்பர். 1957இல் சாவோ பாவ்லோ கழகத்துக்கு மாநிலப் பட்டத்தை வென்று தந்தார். நால்வர் தடுப்பிலும், இருவர் நடுவிலும், நால்வர் முன்னணியிலும் நிற்கும் 4-2-4 வகுப்பு பிரேசிலில் வேரூன்றியதில் அவருக்கும் பங்குண்டு.

இவ்வாழ்க்கையின் அறவியல் நிலை கவனிக்கத் தக்கது. அயல்நாட்டில் பணிபுரியும் பயிற்சியாளருக்கு அவ்வூரில் உறவும் இல்லை, ஓட்டுரிமையும் இல்லை, முதுமைக்குப் புகலிடமும் இல்லை. அவரையும் ஊரையும் பிணைப்பது ஒப்பந்தம் என்ற ஒற்றைத் தாள்தான். வெற்றி வந்தால் அது கழகத்தின் சொத்தாக நிலைக்கும். பயிற்சியாளருக்கு எஞ்சுவது அவ்வாண்டின் ஊதியம். ஒரே கழகத்தில் மூன்றாம் ஆண்டு தங்குவது பயிற்சியாளருக்கு ஆபத்தானது என்று குட்மன் கருதியது பரவலாக அறியப்பட்டது. கூலிக்கு அமர்த்தப்பட்டவரின் நிலையை நன்கறிந்த ஒருவரின் கணக்கு அது.

ஆம்ஸ்டர்டாமும் அதன் பின்னும்

குட்மன் 1959இல் பென்ஃபிகாவுக்கு வந்தார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அக்கழகம் போர்ச்சுகலின் லீக் பட்டத்தை வென்றது. 1961 மே 31 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பார்சிலோனாவை 3-2 என வென்று, நாடுகளின் வாகையர் மோதும் ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு மே 2 அன்று ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட்டை எதிர்கொண்ட இறுதிப் போட்டியில், ஃபெரென்ஸ் புஷ்காஷ் முதற்பாதியிலேயே மூன்று கோல்களை அடித்து மாட்ரிட்டை 3-2 என முன்னிலையில் நிறுத்தினார். இடைவேளையில் குட்மன் செய்த மாற்றம் சிறியது: புஷ்காஷைத் துரத்துவதை விட்டுவிட்டு, அவருக்குப் பந்தை ஊட்டிய ஆல்ஃபிரெதோ தி ஸ்தெஃபானோவைத் தம் அணியின் கவேம் நெருங்கிக் காக்க வேண்டும் என்பது. ஊற்று அடைபட்டதும் ஓட்டம் நின்றது. இரண்டாம் பாதியில் கொலூனா ஒரு கோலும், மொசாம்பிக்கிலிருந்து வந்திருந்த இருபது வயது யூசேபியோ இரண்டு கோல்களும் அடிக்க, பென்ஃபிகா 5-3 என வென்றது.

இவ்வெற்றிக்குப் பின் குட்மன் கூடுதல் தொகை கேட்டார் என்றும், ஒப்பந்தத்தில் அப்படியொன்று இல்லை என்று கழக நிர்வாகம் மறுத்தது என்றும், அவர் சினந்து வெளியேறினார் என்றும் வரலாறு கூறுகிறது. சாபம் பேசப்பட்டதாகச் சொல்லப்படுவது இக்கட்டத்தில்தான். ஆனால் அச்சொற்களை அவர் அன்று அப்படியே சொன்னார் என்பதைப் பலர் ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு வலுவான காரணமும் உண்டு: மூன்றே ஆண்டுகளில், 1965இல், அதே கழகம் அவரை மீண்டும் அழைத்தது, அவரும் வந்து ஓராண்டு பயிற்சியளித்தார், அவ்வாண்டு கோப்பை எதுவும் கிட்டவில்லை. நூறாண்டுச் சாபத்தை இட்டவர் அதே வாசலில் வேலைக்கு வருவதும், சாபத்துக்கு ஆளானவர்கள் அவரையே கூப்பிட்டு அமர்த்துவதும், அக்காலத்தில் இரு தரப்பினரும் அதைச் சாபமாக எண்ணவில்லை என்பதையே காட்டுகின்றன.

மொழியியல் மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், சில சொற்கள் செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல் செயலையே நிகழ்த்துகின்றன என்று விளக்கினார். நீதிபதி தண்டனையை வாசிக்கும்போது தண்டனை அங்கேயே விதிக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அவ்வாறு நிகழ்வதற்குச் சொல்பவரிடம் அதற்குரிய தகுதியும், சூழலில் அதற்குரிய முறைமையும் இருக்க வேண்டும் என்பதையும் ஆஸ்டின் சேர்த்தே சொன்னார். முனிவர், குரு, தாய் போன்றோரின் சாபத்தை மரபுகள் அஞ்சியது அவர்களுக்கு அத்தகுதி முன்னரே இருந்ததாகக் கருதியதால்தான். குட்மனுக்கு அப்படியொரு பீடம் இல்லை. அவருடைய சொல்லுக்கு அதிகாரம் வழங்கியவை பின்னர் வந்த தோல்விகளே. இங்கே சாபம் தோல்வியை உண்டாக்கவில்லை. தோல்விகள்தாம் சாபத்தை உண்டாக்கின.

எப்படி என்பதும் ஏன் என்பதும்

எட்டுத் தோல்விகளையும் அருகிருந்து நோக்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் கண்முன் நிற்கிறது. 1963இல் மிலானுக்கு எதிரான போட்டியில் கொலூனா காயமடைந்தார். மாற்று ஆட்டக்காரருக்கு இடமில்லாத அக்காலத்தில் அணி நலிந்தது. 1965இல் இன்டர் மிலானின் சொந்தக் களத்தில், மழையில் நனைந்த புல்வெளியில் அவ்வணியின் ஜாயிர் அடித்த பந்து பென்ஃபிகாவின் கோல்கீப்பர் கொஸ்தா பெரைராவைக் கடந்து வழுக்கிச் சென்றது. பின்னர் அவரும் காயமுற, தடுப்பாட்டக்காரர் ஜெர்மானோ கோலைக் காக்க நேர்ந்தது. 1968இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆட்டம் 1-1 என நின்ற இறுதி நிமிடங்களில் யூசேபியோவின் அடியை எதிரணியின் கோல்கீப்பர் ஸ்டெப்னி பிடித்துவிட்டார். கூடுதல் நேரத்தில் மூன்று கோல்கள் விழுந்தன. 1983இல் யுஇஎஃப்ஏ கோப்பையை ஆண்டர்லெக்ட் வென்றது. 1988இல் பெனால்டி வரிசையில் வெலோசோவின் உதையைத் தடுத்ததால் பிஎஸ்வி வென்றது. 1990இல் மிலானின் ரைகார்ட் அடித்த ஒரே கோல் போதுமானதாயிற்று. ஐரோப்பா லீகின் இறுதிப் போட்டிகளில், 2013இல் செல்சியின் இவானோவிச் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் தலையால் முட்டி வென்றார். 2014இல் செவியாவின் பெத்தோ இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார்.

இக்காரணங்களை அறிந்த பின்னும் சாபக்கதை தளராததன் காரணத்தை மானிடவியலாளர் எவான்ஸ் பிரிச்சர்ட் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி 1937இல் வெளியிட்ட நூல் விளக்குகிறது. உயரத் தூண்கள்மேல் நிற்கும் தானியக் குதிரின் நிழலில் மக்கள் அமர்ந்திருக்கையில் குதிர் சரிந்து அவர்கள்மேல் விழுகிறது. தூண்களைக் கரையான் அரித்தது என்பதை அசாண்டே மக்கள் நன்கறிவர். குதிர் எப்படி விழுந்தது என்பதற்குக் கரையான் விடை. ஆனால் இந்த மனிதர்கள் அமர்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழ வேண்டும் என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதற்கே அவர்கள் சூனியத்தைக் காரணம் காட்டுகின்றனர். ஈரப் புல்லும் காயமும் முதல் வினாவுக்குரிய விடைகள். குட்மன் இரண்டாம் வினாவுக்குரிய விடை. சாபத்தை அறிவியலுக்குப் போட்டியான தவறான அறிவியல் என்று கருதித் தள்ளிவிடுவோர், அது வேறொரு வினாவுக்குச் சொல்லப்படும் விடை என்பதைக் காணத் தவறுகின்றனர்.

ஆயினும் அவ்விடையும் சோதனைக்குரியதே. இரு அணிகளுக்கும் சமவாய்ப்பு உண்டென்று கொண்டால், எட்டு இறுதிப் போட்டிகளில் தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு 256இல் ஒன்று. இது அரிது, ஆனால் ஐரோப்பாவில் எண்ணற்ற கழகங்கள் பல பத்தாண்டுகளாக ஆடிவரும்போது, ஏதேனும் ஒரு கழகத்துக்கு இத்தகைய தொடர் அமைவது வியப்பன்று. இத்தாலியின் யுவெண்டஸ் தான் எட்டிய ஒன்பது ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிகளில் ஏழில் தோற்றது. அதற்கு இத்தனை புகழ்பெற்ற சபிப்பவர் எவரும் அமையவில்லை. மேலும், சாபத்தின் கணக்கேட்டில் பற்று மட்டுமே எழுதப்படுகிறது, வரவு எழுதப்படுவதில்லை. 1961இல் பெர்ன் நகரில் பார்சிலோனா அடித்த பந்துகள் மீண்டும் மீண்டும் கோல் கம்பத்தில் மோதித் திரும்பின. அவ்வணியின் கோல்கீப்பர் ரமல்யெத்ஸின் பிழையால் சொந்தக் கோல் ஒன்றும் விழுந்தது. பின்னாளைய துரதிருஷ்டத்துக்குச் சாபம் காரணமென்றால், அன்றைய அதிருஷ்டத்துக்கு யாருடைய ஆசி காரணம் என்ற வினாவுக்குச் சாபக்கதையில் இடமில்லை. 2022இல் பென்ஃபிகாவின் இளையோர் அணி ஐரோப்பிய இளையோர் லீகை வென்றபோது, சாபம் முடிந்தது என்று சிலரும், அது முதன்மை அணிக்கு மட்டுமே உரியது என்று சிலரும் கூறினர். எவ்விளைவு வந்தாலும் திருத்தி வரைந்துகொள்ளத் தக்க எல்லையை உடைய கூற்று, எதையும் விளக்குவதில்லை.

கூலியும் சொல்லும்

காரண விளக்கமாகச் சாபம் நிற்காது என்று தெளிந்த பின்னும் அறவினா எஞ்சுகிறது. பாடுபட்டவனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்று எச்சரிக்கும் எந்தச் சமூகத்துக்கும் இக்கதையின் அடிநாதம் விளங்கும். குட்மன் பிறந்த யூத மரபிலும் இதற்கு ஆழ்ந்த வேர் உண்டு. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவில், லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தில், கூலிக்காரரின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்ற கட்டளை பதின்மூன்றாம் வசனமாக நிற்கிறது. அதை அடுத்து, பதினான்காம் வசனமாக, செவிடரைச் சபிக்கக் கூடாது என்ற கட்டளை வருகிறது. இவ்வரிசை திட்டமிட்டதோ இல்லையோ, சேர்த்து வாசிக்கத் தக்கது: அமர்த்தியவருக்குக் கூலியைப் பற்றிய கடமையும், எல்லோர்க்கும் நாவைப் பற்றிய தடையும் அருகருகே நிற்கின்றன. ஒன்று மீறப்பட்டதால் மற்றொன்று தளர்ந்துவிடும் என்று அங்கே சொல்லப்படவில்லை.

செவிடருக்குச் சாபம் கேட்காது. கேளாத சொல்லால் அவருக்கு வருத்தமும் இல்லை. அப்படியிருக்க அது ஏன் விலக்கப்பட்டது என்ற வினா மரபுக்குள்ளேயே எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத மெய்யியலாளர் மைமோனிடீஸ், கட்டளைகளைத் தொகுத்த தம் நூலில் இதற்குத் தந்த விடை நுட்பமானது: தோரா இங்கே சபிக்கப்பட்டவரை மட்டும் கருதவில்லை, சபிப்பவரையும் கருதுகிறது, பழிவாங்கலுக்கும் சினத்துக்கும் உள்ளம் பழகிவிடக் கூடாது என்பதே தடையின் நோக்கம். கட்டளைகளின் காரணங்களை விளக்க ஸ்பெயினில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த மற்றொரு நூலோ, மனிதரின் பேச்சாற்றல் ஆன்மாவின் உயர்ந்த பகுதியைச் சார்ந்தது என்பதால் சொல்லுக்கும் வலிமை இருக்கக் கூடும் என்ற கோணத்தைத் திறந்து வைக்கிறது. சாபம் பலிக்குமா என்பதில் வேறுபட்டுச் செல்லும் இவ்விரு வழிகளும், சபிப்பது தவறு என்பதில் ஒன்றுபடுகின்றன. சாபத்தின் வலிமையை மறுப்பது அதன் தீமையை மறுப்பதாகாது என்பது மைமோனிடீஸின் வாதத்திலிருந்து பெறத் தக்க முடிவு.

இதே தோராவின் உபாகமம், ஏழைத் தொழிலாளியின் கூலியைச் சூரியன் மறையும் முன் கொடுக்க வேண்டும் என்றும், கொடாவிட்டால் அவர் இறைவனை நோக்கி முறையிடக் கூடும் என்றும் எச்சரிக்கிறது. முறையீட்டுக்கும் சாபத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. முறையிடுபவர் வழக்கை வேறொருவரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறார். தம் தரப்பு தவறாக இருக்கக் கூடும் என்ற வாய்ப்பையும் அறியாமலே ஏற்கிறார். சபிப்பவரோ வழக்காடியாகவும் நீதிபதியாகவும் தண்டிப்பவராகவும் தாமே ஆகிவிடுகிறார். குட்மன் 1962இல் எதையேனும் சொல்லியிருந்தால், அவருடைய தொழில்வாழ்க்கை முழுவதையும் வைத்து நோக்கும்போது, அது முறையீட்டுக்கே நெருக்கமானது: தாம் இல்லாமல் இதை மீண்டும் செய்ய உங்களால் ஆகாது என்று, உழைப்பின் மதிப்பை நிலைநாட்ட முனைந்த ஒருவரின் பேச்சு. மிலான் அவரை நீக்கியபோதும் அவர் நாடியது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைத்தான். விண்ணுலகத் தண்டனையை அல்ல.

ஆனால் அவருக்குத் தீங்கு இழைக்கப்பட்டதா? ஒப்பந்தத்தில் எழுதியதைக் கழகம் கொடுக்காமல் விடவில்லை, எழுதாததைத்தான் மறுத்தது. சட்டம் இங்கே கழகத்தின் பக்கம் நிற்கிறது. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பாகிய தால்முத் இத்தகைய இடத்துக்கென ஒரு வழக்கைப் பதிவு செய்துள்ளது. ஒருவரின் திராட்சைமதுப் பானையைச் சுமந்துசென்ற கூலியாட்கள் அதை உடைத்துவிட்டனர். உரிமையாளர் இழப்புக்கு ஈடாக அவர்களின் மேலாடைகளைப் பறித்துக்கொண்டார். அறிஞர் ராவ், ஆடைகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார். நாள் முழுதும் பாடுபட்டும் பசியோடு நிற்கிறோம் என்று அவர்கள் சொன்னதும், கூலியையும் கொடுக்குமாறு பணித்தார். இதுதான் சட்டமா என்று உரிமையாளர் கேட்க, ஆம் என்றார். சட்டத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே நின்று நடத்தல் என்று அம்மரபு வழங்கும் கோட்பாட்டுக்கு இவ்வழக்கு சான்றாகக் காட்டப்படுகிறது. தமக்குரிய உரிமையின் கடைசி அங்குலம்வரை செல்லாமல் நிற்பதே அதன் பொருள்.

குட்மனின் வழக்கு இதிலிருந்து வேறுபடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் பசித்த சுமைகாரர் அல்லர். தம் காலத்தில் நல்ல ஊதியம் பெற்ற பயிற்சியாளர். பானையை உடைத்தவரும் அல்லர்; அதை நிரப்பித் தந்தவர். ஆகவே அவருக்குரியது இரக்கமன்று, செய்ந்நன்றி. நன்றியின் இயல்பு சிக்கலானது: அது கடமை என்றால் கேட்டுப் பெறலாம், கேட்டுப் பெற்றால் அது நன்றியாக இராது. பென்ஃபிகா நிர்வாகம் சட்டப்படி சரியாக நடந்துகொண்டு, அறத்தின்படி குறைந்துபோனது என்று சொல்வதற்கு இடமுண்டு. ஆனால் அக்குறைவு தண்டிக்கத் தக்க குற்றம் அன்று. நன்றி மறந்தவர்க்குரிய இழப்பு, நன்றியுள்ளவராக இருக்கும் வாய்ப்பை இழந்ததே. அதற்கு அப்பால் கோப்பைகளும் பறிபோக வேண்டும் என்று கோருவது அறத்தைக் கடன்வசூலாக மாற்றுவதாகும்.

யோபின் நண்பர்கள்

சாபத்தின் தருக்கத்தை எதிர்கொள்ளும் மிகக் கடுமையான சான்று குட்மனின் வாழ்விலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அவர் உய்பெஷ்டில் ஒரு கூரையறையில் ஒளிந்திருந்து, பின்னர் யூதர்களுக்கான கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டு, 1944ஆம் ஆண்டின் இறுதியில் சக கைதிகள் சிலரோடு அங்கிருந்து தப்பினார்; அவருடைய குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டனர். டேவிட் போல்சோவர் 2017இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இப்பகுதியை வெளிக்கொணரும்வரை, இது பெரும்பாலும் அறியப்படாமலே இருந்தது.

அவரோடு தப்பியவர்களுள் ஒருவர் எர்னோ எர்ப்ஸ்டைன். அவரும் ஹங்கேரியில் பிறந்து இத்தாலியில் பணிபுரிந்த யூதப் பயிற்சியாளர். போருக்குப் பின் புகழ்பெற்ற தோரினோ அணியை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர். 1949 மே 4 அன்று தோரினோ அணியின் விமானம் சுபெர்கா குன்றில் மோதியது. எர்ப்ஸ்டைன் உட்பட 31 பேர் மாண்டனர். அவ்வணி திரும்பிக்கொண்டிருந்தது லிஸ்பனில் பென்ஃபிகாவோடு ஆடிய நட்புப் போட்டியிலிருந்து. இவ்விருவரோடும் சேர்த்து எண்ணத் தக்க மூன்றாமவர், அவர்களைப் போலவே ஹங்கேரிய யூதப் பயிற்சியாளரான ஆர்பாத் வைஸ்: இன்டர் மிலானுக்கு 1930இலும், போலோஞாவுக்கு 1936, 1937 ஆகிய ஆண்டுகளிலும் இத்தாலியின் பட்டத்தை வென்று தந்தவர், 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் அந்நாட்டை விட்டு நீங்கி, நெதர்லாந்தில் பயிற்சியளித்து, அங்கிருந்து குடும்பத்தோடு நாடுகடத்தப்பட்டவர், மனைவியும் இரு குழந்தைகளும் 1942இலும், அவர் 1944 ஜனவரியிலும் ஆஷ்விட்ஸில் உயிரிழந்தனர்.

ஒரே நாட்டில், ஒரே சமயத்தில், ஒரே தொழிலில் இருந்த மூவருள் ஒருவர் முகாமில் மாண்டார். ஒருவர் முகாமிலிருந்து தப்பி விமானத்தில் மாண்டார். ஒருவர் தப்பி, எண்பத்திரண்டு வயதுவரை வாழ்ந்து, 1981இல் வியன்னாவில் இயற்கையாக இறந்தார். இவர்களின் முடிவுகளிலிருந்து தகுதியைப் பின்னோக்கிக் கணிக்க எவரும் துணியார். துணிந்தால் அது அருவருப்பான செயலாக இருக்கும். ஆனால் பென்ஃபிகாவின் தோல்வியிலிருந்து பென்ஃபிகாவின் குற்றத்தைக் கணிப்பதும் வடிவத்தில் இதே அனுமானம்தான். பணயம் சிறியது என்பதால் அது தீங்கற்றதாகத் தோன்றுகிறது. எபிரேய மறையின் யோபு நூல் இவ்வனுமானத்தை நேரடியாக எதிர்க்கிறது. எல்லாம் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபிடம் அவருடைய நண்பர்கள், துன்பம் வந்ததால் குற்றம் இருந்திருக்க வேண்டும் என்று வாதிடுகின்றனர். இறைவனின் நீதியைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் எண்ணுகின்றனர். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது முறையிட்ட யோபை அன்று. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசாத அந்த நண்பர்களை. முறையீடு பொறுக்கப்படுகிறது, விளைவிலிருந்து குற்றத்தைக் கற்பிப்பது பொறுக்கப்படுவதில்லை.

இதனோடு சேர்த்துக் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஊரற்று அலைபவர், பணத்தில் கண்ணாயிருப்பவர், கிறித்தவர்களுக்குத் தீங்கு செய்யும் மறைவான ஆற்றல் உடையவர் என்று யூதரைச் சித்திரிக்கும் பழங்கதைகள் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வழங்கி, கொலைகளுக்கும் வழிவகுத்தன. கூடுதல் தொகை கேட்டு மறுக்கப்பட்டதும் நூறாண்டுச் சாபமிட்டுச் சென்ற அயலார் என்ற வடிவம் அவ்வச்சில் மிக எளிதாகப் பொருந்துகிறது. இன்று அக்கதையைச் சொல்லும் விசிறிகள் பெரும்பாலோரின் உள்ளத்தில் அவ்வெறுப்பு இல்லை. ஆயினும் கதை அதன் வடிவத்தைக் கைவிட்டுவிடவில்லை. விதியின் கையில் எல்லாவற்றையும் இழந்த ஒருவரே விதியை ஆட்டுவிப்பவராக நினைவுகூரப்படுகிறார்.

கல்லறையும் சிலையும்

1990ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி குட்மன் அடக்கம் செய்யப்பட்ட வியன்னாவிலேயே நடந்தது. அதற்கு முன் யூசேபியோ அவருடைய கல்லறைக்குச் சென்று, சாபம் நீங்க வேண்டும் என்று வேண்டியதாகச் செய்திகள் கூறுகின்றன. பயன் கிட்டவில்லை. ஆயினும் அவ்வழிபாட்டைப் பயனால் மட்டும் அளப்பது பொருந்தாது. தம்மை இருபது வயதில் ஐரோப்பாவின் உச்சியில் நிறுத்திய ஆசிரியரின் முன் தலைகுனிந்து நின்ற மாணவரின் செயலில், கேட்கும் பகுதியும் உண்டு, கொடுக்கும் பகுதியும் உண்டு. கேட்டது மறுக்கப்பட்டாலும் கொடுத்தது கொடுத்ததே. 2014இல் பென்ஃபிகா தன் 110ஆம் ஆண்டு நிறைவையொட்டித் தன் விளையாட்டரங்கில் குட்மனுக்குச் சிலை எழுப்பியது. இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் ஏந்தி நிற்கும் வடிவம் அது. அதே ஆண்டு மே மாதத்தில் துரின் நகரில் அக்கழகம் எட்டாம் முறையாகத் தோற்றது. சிலையைச் சாபம் தீர்க்கும் பரிகாரமாகக் கருதினால் அது தோற்றுப்போன பரிகாரம். காலம் தாழ்ந்த நன்றியாகக் கருதினால், துரினில் நடந்தது எதுவும் அதன் மதிப்பைக் குறைப்பதில்லை.

இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் சாபத்தின் அறவியல் அடங்கியுள்ளது. சாபமாகக் கருதும்போது, கடனைத் தீர்ப்பவர் கடன்பட்டவர் அல்லர். ஒவ்வொரு தோல்வியும் ஒரு தவணையாகத் தானே செலுத்தப்பட்டுவிடுகிறது. எட்டு முறை தண்டிக்கப்பட்டவர் தம்மைக் கடனாளியாக அல்லாமல் பாதிக்கப்பட்டவராகவே உணர்வார். நூறாண்டு முடியும் 2062க்குள் பென்ஃபிகா ஒருமுறை வென்றுவிட்டால், கணக்கு முடிந்ததென்று கொண்டாடுவர். ஆனால் உழைப்பை உரிய அளவில் மதித்தோமா என்ற வினா அவ்வெற்றியால் தீர்வதில்லை. தோல்வியால் தொடங்கியதும் இல்லை. அது கோல் கம்பத்தில் மோதித் திரும்பும் பந்தைச் சார்ந்திராமல், அமர்த்தியவர் அமர்த்தப்பட்டவரை எப்படி நடத்தினார் என்பதை மட்டுமே சார்ந்தது. அயல்நாட்டுப் பயிற்சியாளர்களை ஆண்டுக்கொருவராக அமர்த்தி, தோற்றால் உடனே அனுப்பி, வென்றால் புகழைத் தாமே வைத்துக்கொள்ளும் இன்றைய கழகங்கள் அனைத்துக்கும் அவ்வினா பொருந்தும். அவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் சபித்ததில்லை என்பதால் அவை விடை சொல்லும் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுவதில்லை.